காலா கில்லா எந்தப் பக்கம் பார்க்கிறது?

வியாழன், தாராவி

மும்பையில் காலா கில்லா என்றால் பஸ் டெப்போ. நடத்துநர் பெயரைக் கத்துகிறார், பாதிப் பேர் இறங்குகிறார்கள், அவரவர் சந்துக்குள் போய்விடுகிறார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தமான கோட்டை பக்கத்திலேயே நிற்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை.

அத்தை வீடு தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால். நாங்குநேரியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர், பேச்சில் ஊர் அப்படியே இருக்கிறது. கிளம்பும்போது "எங்கய்யா போற?" என்றார். சொன்னேன். "அங்கன என்ன இருக்கு? குப்பையும் செடியுந்தான். கோட்டை பாக்கணும்னா பாளையங்கோட்டையிலேயே பாத்திருக்கலாம்லா."

"அங்க மிச்சம் இருக்கதே கொஞ்சந்தான அத்தை."

"இங்க மட்டும் ரொம்ப இருக்காக்கும்."

அத்தை சொன்னது பெரும்பாலும் சரி. குப்பை இருக்கிறது, செடி இருக்கிறது, சுவர் இடுக்கில் ஆலமரம் வேர்விட்டுக் கல்லைப் பிளந்துகொண்டிருக்கிறது. அரசாங்க ஏட்டில் ரீவா கோட்டை. கருங்கல்லில் கட்டியதால் ஜனங்களுக்குக் கருப்புக் கோட்டை, காலா கில்லா. பெரிய கோட்டை இல்லை, நம் ஊர்க் கோயில் மதில் அளவுக்குத்தான் உயரம். சுற்றிலும் வீடுகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் எது கோட்டைச் சுவர், எது வீட்டுச் சுவர் என்று பிரித்துப் பார்க்கவே கொஞ்ச நேரம் ஆகிறது. கூட வந்த அத்தான் சின்ன வயதில் இந்தச் சுவரில் பந்து எறிந்து விளையாடியவர். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் ஷாப்பு வேலைக்கு வந்தவர். தாராவியில் பழைய தமிழ்க் குடும்பங்களில் நிறையப் பேருக்கு இதே கதைதான்.

"மாப்ள, கல்லுல என்னமோ எழுதிருக்கு பாரு. நான் இதுவரைக்கும் படிச்சதே இல்ல."

வெளிச்சுவரில் ஆங்கிலக் கல்வெட்டு ஒன்று பதித்திருக்கிறார்கள். பம்பாயின் பிரசிடெண்டும் கவர்னருமான ஜான் ஹார்ன் உத்தரவின் பேரில் 1737இல் கட்டப்பட்டது என்பது அதன் சாரம்.

1737 என்ற எண்ணில்தான் நான் நின்றுவிட்டேன். ஆங்கிலேயர் பம்பாய்க்கு வந்தது 1665இல். சயானிலும் மாஹிமிலும் கோட்டை கட்டிக்கொண்டதெல்லாம் அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே. தாராவிக்கு மட்டும் எழுபது வருடம் கழித்து அப்படி என்ன அவசரம்? யாரைப் பார்த்து இந்தப் பயம்?

கோட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். இது வடக்கே பார்க்கிறது. வடக்கே மித்தி ஆறு, இன்றைக்குச் சாக்கடை நிறத்தில். அதற்கு அப்பால் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸின் கண்ணாடிக் கட்டடங்கள், வங்கிகள், பங்குச்சந்தை. அந்தக் காலத்தில் இந்த ஆறும் மாஹிம் கழிமுகமும்தான் எல்லை. இந்தக் கரை பம்பாய்த் தீவுகள், அந்தக் கரை சாஷ்டி என்கிற பெரிய தீவு. குர்லா, பாந்த்ரா, அந்தேரி, தாணே எல்லாம் சாஷ்டிக்குள்தான். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகப் படகுக்காரருக்குச் சில நிமிஷம் போதும்.

மீதிப் பதிலைத் தேடித்தான் அடுத்த நாட்களில் சுற்றினேன்.

வெள்ளி, மாஹிமும் பாந்த்ராவும்

வெள்ளிக்கிழமை மாஹிம் தர்காவில் கூட்டம் நெரியும் என்று அத்தான் எச்சரித்தும் போனேன். தாராவித் தமிழ் முஸ்லிம்கள் மட்டுமல்ல, எல்லா மதத்தாரும் வருகிற இடம். டிசம்பரில் நடக்கும் உரூஸில் மும்பைப் போலீஸ்காரர்கள் முதல் சந்தனக்கூட்டை எடுத்து வருவது வழக்கம். இங்கே அடங்கியிருப்பவர் மக்தூம் அலி மாஹிமி (1372–1431). பெரிய அறிஞர். குஜராத் சுல்தான் அகமது ஷா காலத்தில் மாஹிமில் காஜியாக, அதாவது இஸ்லாமிய நீதிபதியாக இருந்தவர்.

மும்பைக்கு வரலாறே வெள்ளைக்காரனோடுதான் ஆரம்பிக்கிறது என்று நினைப்பவர்கள் இந்தத் தர்காவுக்கு ஒருமுறை வர வேண்டும். மக்தூம் வாழ்ந்த காலத்திலேயே மாஹிம் எல்லை ஊர்தான். வடக்கே குஜராத் சுல்தான்கள், தக்காணத்தில் பாமினி சுல்தான்கள், நடுவில் இந்தத் தீவுகள். 1429 வாக்கில் பாமினித் தளபதி மாலிக் உத் துஜ்ஜார் படையோடு வந்து மாஹிமையும் சாஷ்டியையும் பிடித்துக்கொண்டார். அகமது ஷா சும்மா இருப்பாரா? மகன் ஜாபர் கானைத் தரைப்படையோடு அனுப்பினார், கடல் வழியே கப்பல்களும் வந்தன, பாமினிப் படை தோற்றுத் திரும்பியது. ஊர் ஒரு கை மாறி மறுபடி பழைய கைக்கு வந்ததையெல்லாம் வயதான காஜி இங்கேயே இருந்து பார்த்திருப்பார். இரண்டு பெரிய அரசுகள் இந்தச் சதுப்பு நிலத்துக்கு அடித்துக்கொண்டதற்குக் காரணம், உள்நாட்டுக்குப் போகும் சரக்கெல்லாம் இந்தக் கழிமுகங்கள் வழியாகத்தான் போக வேண்டும். சுங்கம் யார் வசூலிப்பது என்பதுதான் சண்டை. இந்த நகரத்தின் எல்லைச் சண்டைகளில் முக்கால்வாசி இந்தக் கணக்குதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் குஜராத்துக்கே கெட்ட காலம். ஒரு பக்கம் ஹுமாயூன், இன்னொரு பக்கம் கடலில் போர்த்துகீசியர். சுல்தான் பகதூர் ஷா இருவரில் ஒருவரைச் சமாதானப்படுத்தியாக வேண்டிய நிலை. 1534 டிசம்பர் 23ஆம் தேதி ஒப்பந்தத்தில் சாஷ்டிக்கு வடக்கே இருக்கும் வசாயையும் அதைச் சேர்ந்த தீவுகளையும் போர்த்துகீசியருக்கு எழுதிக் கொடுத்தார். பம்பாய் அந்தப் பொட்டலத்தில் ஒரு சின்ன உருப்படி. மூன்றே வருடத்தில், 1537இல், தியூவுக்கு அருகே அதே போர்த்துகீசியரோடு ஏற்பட்ட கைகலப்பில் கடலில் விழுந்து செத்தார் பகதூர் ஷா.

தர்காவிலிருந்து மாஹிம் கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். கடலுக்குள் ஒரு காலை நீட்டினாற்போல் நிற்கிறது, அலை அடித்து அடித்து அடித்தளக் கற்கள் பெயர்ந்து கிடக்கின்றன. உள்ளே பல வருடங்களாகக் குடிசைகள் இருந்தன. சமீப ஆண்டுகளில்தான் அங்கிருந்தவர்களுக்கு வேறு இடம் கொடுத்துக் காலி செய்தார்கள். இன்றைய கோட்டை ஆங்கிலேயர் 1684இல் வலுப்படுத்தியது. ஐந்து வருடத்திலேயே அதன் வலு தெரிந்துவிட்டது. 1689இல் ஜஞ்ஜீரா கடற்கோட்டையின் தலைவர் சித்தி யாகூத் கான் (சித்தி என்பது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் பெயர்), ஔரங்கசீப்பின் கடற்படைத் தளபதி, சேவ்ரியில் படையை இறக்கினார். மாஹிம் விழுந்தது, மஜ்காவ் விழுந்தது, ஆங்கிலேயர் தெற்கே பம்பாய்க் கோட்டைக்குள் ஒரு வருடத்துக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். கடைசியில் ஔரங்கசீப்பிடம் மன்னிப்புக் கேட்டு, ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டிய பிறகு 1690 ஜூனில் சித்தி கிளம்பினார். அதே வருடம்தான் ஔரங்கசீப்பின் இன்னொரு படை நம் செஞ்சியைச் சுற்றி வளைத்தது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். செஞ்சிக் கதை தெரிந்தவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை தேவைப்படும்.

மாஹிமிலிருந்து பாந்த்ராவுக்குப் பாலம் வழியாக நடந்தேன். இந்தச் சாலை 1845இல்தான் வந்தது. பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜிபாயின் மனைவி ஆவாபாய் கொடுத்த 1,57,000 ரூபாயில் ஆரம்பித்தது. அதுவரை படகுதான்.

பாந்த்ரா முனையில் போர்த்துகீசியர் 1640இல் கட்டிய காஸ்தெல்லா தெ அகுவாதா. கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கிடைத்த இடம், கூடவே மாஹிம் விரிகுடாவுக்குள் யார் நுழைகிறார்கள் என்று பார்க்கும் காவல் மேடை. இப்போது காதலர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் உட்கார்ந்து கடல்பாலத்தோடு செல்ஃபி எடுக்கிறார்கள். ஒரு வாசலும் சில சுவர்களும்தான் மிச்சம். இடித்தது எதிரி இல்லை. 1739 வாக்கில் மராத்தியர் நெருங்கிவிட்டார்கள். இந்தக் கோட்டை அவர்கள் கைக்குப் போனால் பீரங்கி மாஹிமை நோக்கித் திரும்பும் என்று பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் வற்புறுத்தி இடிக்க வைத்தார்கள்.

அந்தக் கலவரத்தில் பாந்த்ரா மலைமாதாவின் படம் கழிமுகத்தைத் தாண்டி வந்து மாஹிம் புனித மிக்கேல் தேவாலயத்தில் 1761 வரை தங்கியதாகச் சொல்வார்கள். புதன்கிழமை நவநாளுக்கு மாஹிமுக்குப் போகும் தாராவித் தமிழர்கள் ஏராளம். மாதாவும் இங்கே அகதியாக இருந்தவர்தான் என்று அத்தையிடம் சொன்னேன். "அவளுக்கென்ன, எங்க இருந்தாலும் கும்புட ஆளு உண்டு" என்றார்.

சனி, சயானும் தாணேயும்

சயான் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். மலையடிவாரத்தில் நேரு பெயரில் ஒரு பூங்கா, அங்கிருந்து படிகள். காலை ஏழு மணிக்கே நடைப்பயிற்சிக்காரர்கள். மேலே கூரையில்லாத அறைகள், சுவர் முழுக்கக் காதலர்களின் பெயர்கள், ஒரு துருப்பிடித்த பீரங்கி. 1925லேயே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தும் இந்தக் கதி. ஆனால் மேலே நின்று சுற்றிப் பார்த்தால் எதற்கு இங்கே கட்டினார்கள் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிழக்கே உப்பளம், டிராம்பே குன்றுகள், வடக்கே குர்லா. சாஷ்டியிலிருந்து யார் தோணியில் ஏறினாலும் இங்கிருந்து தெரிந்திருக்கும்.

ஆங்கிலேயருக்குப் பம்பாய் கிடைத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1661இல் இரண்டாம் சார்லஸுக்குப் போர்த்துகீசிய இளவரசி கேத்தரின் சீதனமாகக் கொண்டுவந்தாள். அதற்கு அப்புறம் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஊரை ஒப்படைக்கப் போர்த்துகீசிய அதிகாரிகளுக்கு மனமே இல்லை. வாங்க வந்த ஷிப்மேன் படையோடு கோவாவுக்குத் தெற்கே அஞ்சதீவில் காத்துக் கிடந்து, நோயில் அவரும் செத்து, அவருடைய சிப்பாய்களிலும் பெரும்பாலோர் செத்தார்கள். 1665 பிப்ரவரியில் ஹம்ப்ரி குக் என்பவர் மிச்சமிருந்த கொஞ்சம் பேரோடு வந்து ஊரை வாங்கிக்கொண்டார். வாங்கியது எதை என்பதில் அடுத்த தகராறு. பம்பாய் என்றால் தெற்கே உள்ள ஒரு தீவு மட்டும்தான் என்றார்கள் போர்த்துகீசியர். அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில் மாஹிம், சயான், தாராவி, வடாலா எல்லாவற்றையும் ஆங்கிலேயர் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். சட்டப்படி கிடைத்ததா, பிடித்துக்கொண்டதா என்று கேட்டால் இரண்டாவது என்பேன். அப்படித்தான் தாராவி ஆங்கிலேயப் பக்கத்தின் கடைசி மண் ஆனது.

ராஜாவுக்கு இந்த ஊர் செலவாகத்தான் தெரிந்தது. 1668இல் வருடத்துக்குப் பத்து பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தள்ளிவிட்டார். கம்பெனியின் கவர்னர் ஜெரால்டு ஆங்கியர் காலத்தில் (1669–1677) சயான் குன்றில் இந்தக் கோட்டை எழுந்தது. எதிர்க்கரைப் போர்த்துகீசியர் போருக்கு வரவில்லை. அவர்கள் கையில் தாணே இருந்தது, கரஞ்சா இருந்தது. உள்நாட்டிலிருந்து பம்பாய்க்கு வரும் அரிசிக்கும் மரத்துக்கும் அங்கே சுங்கம் போட்டார்கள். பம்பாய்க்காரனின் கழுத்து பீரங்கி இல்லாமலே அவர்கள் கையில் இருந்தது.

மத்தியான வெயிலில் லோக்கலில் தாணே. 1853இல் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய வழியே, சயான், குர்லா தாண்டி. தாணேயில் கோட்டையை வெளியிலிருந்து மட்டும்தான் பார்க்கலாம், ஏனென்றால் அது இன்று மத்தியச் சிறை. சுவரைப் பார்த்துவிட்டு ஒரு வடாபாவ் சாப்பிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான் தாணே.

ஆனால் என் கேள்விக்கான பதில் இங்கேதான் இருந்தது. போர்த்துகீசியர் 1730களில் இந்தக் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார்கள், முடிக்கவில்லை. கட்டி முடிப்பதற்குள் 1737இல் மராத்தியர் கழிமுகத்தைத் தாண்டி வந்து தாணேயைப் பிடித்தார்கள். மராத்திய அரசின் முதலமைச்சரான பேஷ்வா முதலாம் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா நடத்திய போர். போர்த்துகீசியர் ஆட்சியில் கோயில் கட்டவும் சடங்கு செய்யவும் இருந்த தடைகளால் வெறுத்துப்போன உள்ளூர்ப் பிரமுகர்கள் வழிகாட்டினார்கள், அவர்களில் அஞ்சூர் கங்காஜி நாயக் பெயரை இன்றும் சொல்கிறார்கள். மழை பிடிப்பதற்குள் சாஷ்டியின் பெரும்பகுதி கை மாறிவிட்டது.

தாணே விழுந்ததும் தாராவிக் கல்வெட்டும் ஒரே வருடம். தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இருநூறு வருடமாக எதிர்க்கரையில் இருந்த, சுங்கம் போடும், வழக்கடிக்கும், பழகிப்போன அண்டைவீட்டுக்காரன் போய், டெல்லி வாசல்வரை குதிரை ஓட்டிய புது ஆள் வருகிறான். பாஜிராவ் டெல்லிக்குப் போய் மிரட்டிவிட்டு வந்ததும் அதே 1737தான். சயானுக்கும் மாஹிமுக்கும் நடுவில் காவல் இல்லாமல் கிடந்த இடைவெளி ஹார்னின் கண்ணில் அப்போதுதான் பட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு, வசாய்

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், அதாவது தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைக்கிற நாள் என்று தெரிந்தே கிளம்பினோம், அத்தானுக்கு அன்றுதான் லீவு. மாஹிமில் ஸ்லோ ஏறி அந்தேரியில் விரார் வண்டி மாறினோம். பயந்தர் தாண்டியதும் ரயில் தண்ணீருக்கு மேல் போகிறது, அகலமான வசாய்க் கழிமுகம். சாஷ்டி அங்கே முடிகிறது. ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் கோட்டை.

கோட்டை என்றதும் மலையைத்தான் எதிர்பார்ப்போம், செஞ்சியைப் போல, திருமயத்தைப் போல. இது சமதரைக் கோட்டை. நூறு ஏக்கருக்கு மேல். மூன்று பக்கம் கடலும் சேறும், ஒரு பக்கம் நிலம். நிலத்துக்கு ஒரு வாசல், கடலுக்கு ஒரு வாசல். ஊர்ச் சாலையே கோட்டைக்குள் புகுந்து படகுத்துறைக்குப் போவதால் மீன்கூடைக்காரப் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சாதாரணமாகக் குறுக்கே போகிறார்கள். கடல் வாசலில் இரும்புத் தகடு அடித்த பழைய மரக்கதவு இன்னும் இருக்கிறது. அதைத் தாண்டினால் கோலி மீனவர்களின் படகுகள், காயப்போட்ட பொம்பில் மீன் வாசம்.

உள்ளே ஒரு நகரமே இருந்திருக்கிறது. வடக்கு மாகாணம் என்று போர்த்துகீசியர் அழைத்த பிரதேசத்துக்கு இதுதான் தலைநகர், கோவாவுக்கு அடுத்த இடம். கோட்டைக்குள் பிரபுக்களுக்குத்தான் வீடு. பிரான்சிஸ்கன், டொமினிக்கன், இயேசு சபை என்று ஒவ்வொரு சபைக்கும் ஒரு கோயிலும் மடமும். கூரை போய்விட்டது, முகப்புகள் நிற்கின்றன. புனித சூசையப்பர் ஆலயத்தின் கோபுரம் பனைமரங்களுக்கு மேல் தெரிகிறது. பிரான்சிஸ்கன் ஆலயத்தில் தரையே கல்லறை. குலச்சின்னம் செதுக்கிய கற்களின் மேல்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அத்தான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நானும் கழற்றினேன். பத்தடி தள்ளி, கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வந்த ஜோடி அதே கல்லின் மேல் நின்று சுழன்றுகொண்டிருந்தது. யாரைக் குறை சொல்ல? காவலுக்கு அங்கே ஒருவரையும் காணோம்.

இந்த ஊரில் 1557 வாக்கில் பிறந்தவர் கொன்சாலோ கார்சியா. பிரான்சிஸ்கன் சகோதரராக ஜப்பானுக்குப் போய், 1597இல் நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்டவர். 1862இல் புனிதர் பட்டம் கிடைத்தது. வசாயில் இன்றும் மராத்தி பேசும் கிறிஸ்தவர்கள் அதிகம். ஆட்சி போய் முந்நூறு வருடம் ஆகப்போகிறது, கோயில்கள் ஊருக்குள் உயிரோடு இருக்கின்றன. கோட்டைக்குள் இருப்பவைதான் பாழ்.

இப்போது செஞ்சியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ராஜாராமின் காலத்தில் கோட்டைக்குள் அடைபட்டு எட்டு வருடம் தாக்குப்பிடித்தவர்கள் மராத்தியர். நாற்பது வருடம் கழித்து இங்கே கோட்டைக்கு வெளியே நிற்பவர்கள் அவர்கள். 1739 பிப்ரவரியில் சிமாஜி அப்பா முற்றுகையைத் தொடங்கினார். கடலும் சேறும் உள்ள பக்கம் குதிரைப்படைக்கு வேலையில்லை. மணல் திட்டான நிலப்பக்கத்தில் பதுங்குகுழி தோண்டித் தோண்டி மதிலுக்கு அருகே வந்து, அடியில் சுரங்கம் பறித்து வெடிமருந்து வைத்தார்கள். சில சுரங்கங்கள் தப்பான நேரத்தில் வெடித்துத் தோண்டியவர்களையே விழுங்கின. மதில் உடைந்த இடத்தில் ஏறினால் உள்ளிருந்து கையெறி குண்டு, கல், எரியும் பொருள். மராத்தியர் பக்கம் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். கோட்டை விழாவிட்டால் என் தலையையாவது பீரங்கியில் கட்டி உள்ளே சுடுங்கள் என்று சிமாஜி அப்பா சொன்னதாக இங்கே ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, மூன்று மாதம் அந்த மணலில் கிடந்த மனிதர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான்.

உள்ளே இருந்தவர்களுக்குக் கோவாவிலிருந்து போதுமான உதவி வரவில்லை. பம்பாய் பக்கத்தில்தானே இருந்தது? நம் ஜான் ஹார்ன் கொஞ்சம் வெடிமருந்து கொடுத்தார், குண்டு கொடுத்தார், ஆள் கொடுக்கவில்லை. சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லாமல் போர்த்துகீசியர் மறுபடி கேட்டபோது, தேவாலயத்து வெள்ளிச் சாமான்களையும் பித்தளைப் பீரங்கிகளையும் அடகாக வாங்கிக்கொண்டு 15,000 ரூபாய் கடன் கொடுத்தது கம்பெனி. முற்றுகையில் இருப்பவனிடம் பீரங்கியை அடகு கேட்கிற மனசு வியாபாரிக்குத்தான் வரும். இதை அத்தானிடம் சொன்னேன். "நம்ம மார்வாடிக் கடைகூட ரெண்டு நாள் டைம் குடுப்பான் மாப்ள" என்றார்.

மே மாதம் புனித செபஸ்தியார் பெயர்கொண்ட கொத்தளம் சுரங்க வெடியில் பிளந்தது. மே 16ஆம் தேதி சரணடைந்தார்கள். நிபந்தனைகள் கண்ணியமானவை. குடும்பத்தோடும் உடைமைகளோடும் வெளியேற ஒரு வாரம் அவகாசம், ஆயுதத்தோடு, கொடியோடு அணிவகுத்துப் போகலாம். 1534இல் கப்பலில் எழுதி வாங்கிய இடம் இருநூற்றைந்து வருடத்தில் அதே கடல் வாசல் வழியாகக் காலியானது. ஆலய மணிகளை வெற்றிச் சின்னமாக எடுத்துப்போய்க் கோயில்களில் கட்டினார்கள். நாசிக் நாரோசங்கர் கோயிலில் 1721 என்று பொறித்த மணி ஒன்று இன்றும் தொங்குகிறது, பீமாசங்கரில் இன்னொன்று. வஜ்ரேஸ்வரி அம்மனுக்கு வேண்டிக்கொண்டபடி சிமாஜி அப்பா கட்டிய கோயிலும் வசாயிலிருந்து போகும் தூரத்தில் இருக்கிறது. வெற்றியை அனுபவிக்க அவருக்கு நாள் இல்லை. 1740 ஏப்ரலில் அண்ணன் பாஜிராவ் போனார், டிசம்பரில் இவர். கோட்டைக்குள் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்த ஒரு இடம்தான் பெருக்கிச் சுத்தமாக, பூப்போட்டு இருக்கிறது.

ஆங்கிலேயர் நேரத்தை வீணாக்கவில்லை. அடகுப் பீரங்கி விவகாரம் நடந்த அதே 1739இல், ஜூலையில், இஞ்ச்பர்டு என்ற கேப்டன் இதே வசாய்க்கு வந்து மராத்தியரோடு வியாபார உடன்படிக்கை செய்துகொண்டார். முப்பத்தைந்து வருடம் மித்தி ஆற்றின் இரு கரையிலும் கம்பெனியும் பேஷ்வாவும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு வியாபாரம் செய்தார்கள். 1774 டிசம்பரில், பேஷ்வா குடும்பத்தில் சண்டை முற்றிய சமயம் பார்த்து, கம்பெனி படை தாணேயைப் பிடித்தது. 1782இல் சால்பை ஒப்பந்தம் சாஷ்டியை ஆங்கிலேயருக்கே உறுதி செய்தது. இரு கரையும் ஒரே ஆளுக்கு வந்தபின் நடுவில் எல்லை ஏது. சயான், மாஹிம், தாராவி எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வேலை போனது. இவற்றில் குறைந்த சர்வீஸ் தாராவிக் கோட்டைக்குத்தான், 1737இலிருந்து 1774 வரை.

வசாய்க்கு இன்னும் ஒரு காட்சி பாக்கி இருந்தது. பாஜிராவின் பேரன் இரண்டாம் பாஜிராவ், புனேயில் இன்னொரு மராத்தியத் தலைவரான ஹோல்கரிடம் தோற்று ஓடி, 1802 டிசம்பர் 31ஆம் தேதி கம்பெனியின் படையைத் தன் செலவில் வைத்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். பேஷ்வாக்களின் ஆட்சி உண்மையில் அன்றோடு முடிந்தது. கையெழுத்துப் போட்ட ஊர் வசாய். தாத்தாவின் தம்பி மூன்று மாதம் மணலில் கிடந்து பிடித்துக் கொடுத்த அதே ஊர்.

போகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் உள்ளே வெயில் ஆளைத் தின்றுவிடும், ஆலயங்களுக்குக் கூரை கிடையாது. மழைக்காலத்தில் பாம்பு உண்டு, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், திரும்பும்போது பிளாட்பாரத்தில் நாங்கள் பட்ட பாட்டைப் பார்த்து அத்தான் அடுத்த முறை பாளையங்கோட்டைக்கே வருவதாகச் சொல்லிவிட்டார்.